முதல்ல குரல், அப்புறம்தான் கிட்டார்

பாப்பா, சனிக்கிழமை சாயங்காலம் எண்பது பேர் உட்காருற ஒரு மாடி அறையில உங்க பேண்ட் வாசிக்கப்போகுதுன்னு நீ போன்ல சொன்னதிலேருந்து எனக்கு வேற நினைப்பே ஓடலை. ஆறு பாட்டு, ஆறும் உங்க சொந்தப் பாட்டு, அதுல நாலு நீ தமிழ்ல எழுதினது. கம்பெனி ஒப்பந்தம் இல்லை, மேனேஜர் இல்லை, ஆம்ப்பை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு நீங்களே போகணும். நானும் ஆறு வருஷம் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கிட்டு இப்படித்தான் அலைஞ்சேன். அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன். பேண்ட் வெச்சிருக்கிற மத்த பிள்ளைங்களுக்கும் உதவட்டும்.

எங்க முதல் மேடை ஒரு காபிக் கடை. அம்மா ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. நான் எழுதின பாட்டைக் கேக்கணும்னு ரெண்டு பஸ் மாறி வந்தவங்க. எல்லாம் முடிஞ்சு நான் கேபிள் சுத்திக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல வந்து, “உன் வாய் அசையறது தெரிஞ்சுதும்மா, ஒரு வார்த்தைகூடக் காதுல விழலை”ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை. நாங்க யாரும் தப்பா வாசிக்கலை. ஒருத்தர் சத்தத்தைத் தாண்ட இன்னொருத்தர் ஏத்தி, அவரைத் தாண்ட அடுத்தவர் ஏத்தி, கடைசியில பாட்டையே மூடிட்டோம். நான் சொல்லப்போறதுல முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான்.

சின்ன அறையில மைக்கே இல்லாம எல்லாரையும் அமுக்குறது டிரம்ஸ். அதுக்குச் சத்தம் குறைக்கிற திருகு கிடையாது. ஸ்னேர் அடியும் சிம்பல் அடியும் நேரா சுவர்ல மோதி உன் பாட்டு மைக்குக்குள்ளேயே வந்து விழும். அப்புறம் நீ குரலை ஏத்தினா கூடவே சிம்பலும் ஏறும். அதனால உங்க டிரம்ஸ் தம்பிகிட்ட இப்பவே பேசு. மெல்லிசான குச்சி, இல்லைன்னா சின்னச் சின்ன மரக்குச்சிகளைச் சேர்த்துக் கட்டின ராட் கொண்டுவரச் சொல்லு. ஸ்னேர் மேல ஓரமா ஒரு கைக்குட்டையை மடிச்சுப் போட்டாலே அறை பாதி அடங்கிடும். சனிக்கிழமைக்குள்ள ரெண்டு நாளாவது அவர் மெதுவா அடிச்சே ஆறு பாட்டையும் ஒத்திகை பாருங்க. மெதுவா அடிக்கும்போது வேகமும் குறையும். அது பழக்கத்துலதான் சரியாகும், மேடையில திடீர்னு வராது.

அடுத்தது கிட்டார் ஆம்ப். அதைத் தரையில வெச்சா ஸ்பீக்கர் உங்க முழங்காலைப் பார்த்துக் கத்தும். பக்கத்துல நிக்கிற கிட்டாரிஸ்ட்டுக்குக் கேக்காது, அவர் ஏத்துவார். முன்வரிசையில இருக்கிறவங்க காதுல அது ஊசி மாதிரி குத்தும். ஒரு நாற்காலி மேல தூக்கி வை. இல்லைன்னா பின்பக்கமா சாய்ச்சு, அவர் காதைப் பார்க்கிற மாதிரி திருப்பு. தானாவே குறைச்சுடுவார். இதை நான் எத்தனையோ பேண்டுக்குச் சொல்லியிருக்கேன், ஒரு தடவைகூட ஏமாத்தினதில்லை.

இப்போ சவுண்ட் செக். பெரிய மேடையில கிக் டிரம்மிலேருந்து ஆரம்பிச்சுக் குரல்ல முடிப்பாங்க. எண்பது பேர் அறையில தலைகீழா பண்ணு. முதல்ல உன் குரலை மட்டும் ஏத்தச் சொல்லு. ஃபீட்பேக் கீச்சிடுற இடம் வரைக்கும் போய், அதுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தணும். அந்த அறை குரலுக்குக் கொடுக்கிற உயரம் அவ்வளவுதான். மத்த எல்லாரும் அதுக்குக் கீழேதான் உட்காரணும். உங்கள்ல ஒருத்தர் கடைசி வரிசைக்குப் போய் நின்னு, “வார்த்தை புரியுதா?”ன்னு மட்டும் கவனிக்கட்டும். நல்லா இருக்கான்னு கேக்காதே, என்ன வரி பாடினேன்னு கேளு. ஆள் நிறைஞ்சதும் உடம்பும் துணியும் மேல் ஸ்தாயியைக் குடிச்சிடும். காலி அறையில கொஞ்சம் கூர்மையா இருந்தாப் பயப்படாதே.

மைக் பிடிக்கிறதுல ஒரு கெட்ட பழக்கம் உனக்கு இருக்கு. வீடியோவுல பார்த்தேன். வலைத்தலையைக் கையால பொத்திக்கிறே. ஷூர் எஸ்.எம்.58 மாதிரி மைக் முன்னாடியிலேருந்து வர்றதைத்தான் நல்லா கேக்கும், பின்னாடி வர்றதை விட்டுடும். தலையைப் பொத்தினா அந்தத் தடுப்பு போயிடும், நாலு பக்கமும் கேக்க ஆரம்பிக்கும், உடனே கீச்சுன்னு வரும். தண்டைப் பிடி. மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கோட வாலுக்கு நேரா இருக்கட்டும். உதட்டுக்கும் மைக்குக்கும் ரெண்டு விரல் இடைவெளி போதும்.

சவுண்ட் பார்க்கிற அண்ணன்கிட்ட போனதும் பேர் கேட்டு வணக்கம் சொல்லு. யார் எங்க நிக்கிறீங்க, யாருக்கு மைக், எந்தப் பாட்டுல யார் கூடப் பாடுறீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடு. சின்ன இடங்கள்ல அவர் ஒருத்தரே விளக்கு, மைக், கேபிள் எல்லாம் பார்ப்பார். அந்தத் தாள் அவருக்கு எவ்வளவு பெரிய உதவின்னு அவர் முகத்துலயே தெரியும்.

மின்சாரத்தைப் பத்திக் கண்டிப்பா சொல்லணும். 1972 மே மாசம் வேல்ஸ்ல இருக்கிற ஸ்வான்சீ ஊர்ல, ஸ்டோன் த க்ரோஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். கிட்டார் கம்பி ஒரு கையில, உதடு மைக்ல, ரெண்டும் வேற வேற பிளக்குன்னா உன் உடம்பு வழியா கரண்ட் பாய வாய்ப்பு இருக்கு. எல்லாருடைய ஆம்ப்பும் மூணு முள் பிளக்ல, எர்த் இருக்கிற ஒரே லைன்லேருந்து வரட்டும். “உஸ்”னு சத்தம் வருதுன்னு எர்த் முள்ளை எடுத்துவிடுறவங்க இருக்காங்க. யார் செஞ்சாலும் தடுத்துடு. டெஸ்டர் வெச்சு மைக் வலையையும் கிட்டார் கம்பியையும் தொட்டுப் பார். விளக்கு மினுக்கினாக்கூடப் பாடாதே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லு. அரை மணி தாமதமானா ஆகட்டும்.

ஏ.சி. அறைக்குள்ள போனதும் கம்பி சுருங்கி சுருதி ஏறும். பெட்டியைத் திறந்து இருபது நிமிஷமாவது வெச்சிட்டு அப்புறம் டியூன் பண்ணுங்க. பாட்டுக்குப் பாட்டு டியூனர் பெடலை மிதிச்சு, சத்தம் வராம சரிபண்ணுங்க. அந்த நேரத்துல நீ பேசு. அடுத்த பாட்டு எதைப் பத்தினதுன்னு ரெண்டு வரி போதும். கம்பி செட், கேபிள், பேட்டரி எல்லாம் ஒவ்வொண்ணு கூடுதலா பையில இருக்கணும். உங்களுக்குக் கொடுத்தது முப்பது நிமிஷம்னா இருபத்தெட்டுல இறங்கு. அடுத்த பேண்டும் உங்களை மாதிரி பிள்ளைங்கதானே.

“கம்பெனிக்காரங்க யாராவது வருவாங்களா அக்கா?”ன்னு கேட்டியே. எனக்குத் தெரியாதும்மா. 1961 நவம்பர் 9 அன்னிக்கு மதியம் லிவர்பூல்ல கேவர்ன் கிளப்ங்கிற நிலவறைக்குள்ள பின்னாடி அவங்க மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் இறங்கிப் போனப்போ பீட்டில்ஸுக்கு மேனேஜரே இல்லை. அந்த ஒரே இடத்துல அவங்க நூத்துக்கணக்கான தடவை வாசிச்சிருக்காங்க. 1993 மே 31-ல கிளாஸ்கோவுல கிங் டட்ஸ்ங்கிற முந்நூறு பேர் கொள்ளுற இடத்துல ஒயேஸிஸ் கொஞ்ச நேரம்தான் வாசிச்சாங்க, இசைக் கம்பெனி நடத்தின ஆலன் மெக்கீ அன்னிக்கே ஒப்பந்தம் பேசினார். இதெல்லாம் படிக்கும்போது எனக்கும் மனசு துள்ளும். ஆனா அங்க இருந்த மத்தவங்க பாட்டு கேக்கத்தான் வந்தாங்க. நீ கதவைப் பார்த்துக்கிட்டு பாடாதே. முன்னாடி உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்துப் பாடு.

நம்ம ஊர்லயும் வார்த்தை கேட்டாத்தான் இந்த இசை நிக்கும். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற பேண்ட் முதல் தடவை மேடை ஏறினப்போ கானாவும் ராப்பும் ராக்கும் ஒண்ணா வந்துச்சு. அத்தனை வாத்தியத்துக்கு நடுவுல ஜனங்க பிடிச்சுக்கிட்டது வரிகளைத்தான்.

பணம். எங்களுக்கு ஒரு இடத்துல டிக்கெட்டுல பாதின்னு வாயால சொன்னாங்க. முடிஞ்சதும், செலவுக்கே சரியாப் போச்சுன்னு வெறுங்கையோட அனுப்பினாங்க. அதுலேருந்து வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்காம நான் கம்பி மாட்டுறதில்லை. எவ்வளவு, எப்போ, யார் தருவாங்க, ஆட்டோ செலவு யாருது, வீடியோ எடுத்தா யாருக்குச் சொந்தம், இந்த அஞ்சும் இன்னிக்கே கேளு.

அதைவிட முக்கியம், உங்களுக்குள்ள. நம்ம நாட்டுச் சட்டப்படி பாட்டு வரிக்கு ஒரு காப்புரிமை, மெட்டுக்குத் தனியா ஒரு காப்புரிமை. எழுதின நிமிஷமே அது உண்டு, பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்லை. எந்தப் பாட்டுக்கு யார் வரி, யார் மெட்டுன்னு ஒரு நோட்டுல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. சிநேகிதமா இருக்கும்போதே போடுங்க. சண்டை வந்தப்புறம் அந்த நோட்டைத் திறக்க யாருக்கும் மனசு வராது. எங்க பேண்டோட மூணு பாட்டு இன்னிக்கும் யாரும் பாட முடியாம கிடக்கு.

காதுல வைக்கிற இயர்பிளக் வாங்கிக்கோ, மருந்துக்கடையிலேயே கிடைக்கும். நூறு டெசிபல் சத்தத்துல பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல காது தாங்காதுன்னு அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்லுது. ஒத்திகை அறையில அந்த அளவு சாதாரணமா வந்துடும். எனக்கு இடது காதுல ராத்திரி ஆனா ஒரு “ங்”னு சத்தம் இன்னும் இருக்கு, உனக்கு அது வேண்டாம். இன்னொண்ணு, கச்சேரி முடிஞ்சு மொட்டை மாடிக்குப் போய் ஒரு பாட்டுன்னு யாராவது கேட்டா மைக்கைத் தூக்காதே. ராத்திரி 10 மணிக்கு மேல திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது, மாட்டிக்கிறது இடம் கொடுத்தவங்கதான்.

அம்மாவை நான் கூட்டிக்கிட்டு வர்றேன். ரெண்டாவது வரிசையில நடுவுல ரெண்டு நாற்காலிக்குச் சொல்லி வை. ஒன்பது வோல்ட் பேட்டரி நாலு என் பையிலயும் இருக்கும்.