ஒரு கை ஓய்ந்திருக்கும்போது

கண்ணு,

தோளில் கிழிந்த ஜவ்வைத் தைத்து உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே உன் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் வீடு திரும்பியிருக்கின்றன. ஆபரேஷன் செய்தவர் தோளைப் பார்ப்பார், சர்க்கரை டாக்டர் சர்க்கரையைப் பார்ப்பார். இவை எல்லாம் குடியிருக்கும் ஒரே உடம்பைக் காலை முதல் இரவு வரை பார்த்துக்கொள்ளப் போவது நீதான். எனக்கும் இதே தோள், இதே சர்க்கரை. கரும்பலகையில் எழுதி எழுதித் தேய்ந்த கை இது. பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் என்னோடு காத்திருந்தவர்களிடம் கற்றுக்கொண்டதையும் சேர்த்தே உனக்கு எழுதுகிறேன்.

1. முதலில் பொறுமை. தோள் மூட்டின் உருண்டையை நான்கு தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவற்றின் நாண், நாம் ஜவ்வு என்கிறோமே அது, எலும்பை விட்டுக் கிழிந்தால், எலும்பில் சிறு ஆங்கர்களைப் பதித்து நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள். கட்டும் வேலை அன்றைக்கே முடிந்துவிடும். நாண் எலும்போடு சேர்ந்து உறுதிப்பட ஏறக்குறைய 12 வாரம் வேண்டும். வெளித்தையல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், வலியும் மெல்லக் குறையும். அந்த நேரத்தில்தான் கை நம்மை ஏமாற்றும். என்னோடு பெஞ்சில் இருந்த ஒரு அண்ணன், வலியே இல்லை என்ற தைரியத்தில் கேஸ் சிலிண்டரை உருட்டி நகர்த்தினார். கட்டியது விட்டுப்போய், மறுபடியும் ஆபரேஷன் மேசையில் படுத்தார். நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை, கண்ணு. ஆக்கப் பொறுத்தாய், ஆறவும் பொறுத்திரு.

2. ஸ்லிங்கை டாக்டர் சொன்ன நாள்வரை போட்டுக்கொள். பலருக்கு 4 முதல் 6 வாரம் சொல்வார்கள். தூங்கும்போதும் அது வேண்டும். அனுமதித்த நேரத்தில் கழற்றி, விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் மடக்கி நீட்டு. அக்குளை மறந்துவிடாதே. நம் ஊர் வெயிலில், அதுவும் சர்க்கரை உள்ள உடம்பில், வேர்வை தங்கினால் தோல் வெந்துபோகும், படை வரும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை வளைத்துக் குனி. கை தானாகத் தொங்கி அக்குள் திறந்துகொள்ளும். ஈரத்துணியால் துடைத்து, பழைய பருத்தித் துண்டால் ஈரம் போக ஒற்றியெடு. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாக உடுத்து. போடும்போது ஆபரேஷன் ஆன கைக்கு முதலில் போடு, கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியாக விடுவி.

3. சர்க்கரை விஷயத்தில் உன்னிடம் நீயே நேர்மையாக இரு. அறுவையின் அதிர்ச்சி, வலி, தூக்கமின்மை இவை எல்லாமே சர்க்கரையை ஏற்றும். ஏறியே இருந்தால் காயம் மெதுவாக ஆறும், சீழ் பிடிக்க வழியாகும், தைத்த நாண் ஒட்டுவதும் தாமதப்படும். இன்னொரு பக்கம், வாய் கசந்து பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டு வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ போட்டால் சர்க்கரை சட்டென இறங்கலாம். உடம்பு நடுங்கும், குப்பென வேர்க்கும். அதனால் வீட்டிலேயே அடிக்கடி குத்திப் பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதி வை. நல்ல எண் வந்த நாளை மட்டும் எழுதி டாக்டரிடம் காட்டியவர்களை நான் அறிவேன். பாராட்டு கிடைத்தது, காயம்தான் ஆறவில்லை. பின்னால் தோளில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று பேச்சு வந்தால், போடும் முன்பே உன் சர்க்கரையைப் பற்றிச் சொல்லிவிடு. அந்த ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். இன்சுலினை வயிற்றில் போட்டுக்கொள், அந்தக் கையில் வேண்டாம்.

4. வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைச் சோதிக்கும். சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் முன்பே களைத்திருக்கலாம். டிராமடால் மலச்சிக்கலைத் தரும், தலையையும் சுற்றும். அதைச் சொல்லக் கூச்சப்படாதே. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால், எப்போது திரும்பத் தொடங்குவது என்று தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசைமேல் வை. சீட்டில் இல்லாதது பையில் இருக்கும்.

5. இரவுகள் நீளம். மல்லாந்து படுத்தால் தோள் பின்னால் விழுந்து இழுக்கும். சாய்வு நாற்காலியிலோ, நாலு தலையணையை அடுக்கிச் சாய்ந்தோ தூங்கு. முழங்கைக்குக் கீழே மடித்த போர்வை ஒன்று வை, அது பெரிய ஆறுதல். சர்க்கரைக்காரர்கள் இரவில் பாத்ரூமுக்கு எழுவோம், ஒரு கை கட்டியிருக்கும்போது உடம்பின் நிதானமும் சற்றுக் குறையும். விடிவிளக்கைப் போட்டு வை, வழியில் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடு. நடுராத்திரி வலியில் இந்தக் கை இனிமேல் அவ்வளவுதான் என்று தோன்றும். அந்த நேரத்து எண்ணத்தை நம்பாதே.

6. இது எல்லாவற்றிலும் கடினமானது. உதவி கேள். ஆயுள் முழுக்கப் பிறருக்குச் செய்தே பழகிய நமக்கு, வாங்கிக்கொள்ளத் தெரிவதில்லை. என் நாத்தனார் இதே அறுவைக்குப் பிறகு, யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று தானே கையைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அன்று தொடங்கிய வலி மாதக்கணக்கில் அவளை விடவில்லை. என் வீட்டில் உன் பெரியப்பா எனக்குத் தலை பின்னிவிட்டார். சீப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவர், மூன்று கால்களையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு எது மேலே எது கீழே என்று முணுமுணுத்தபடி நிற்பார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். அதோடுதான் வெளியே போனேன், சந்தோஷமாகவே போனேன். மற்றவர்கள் தாங்களாகப் புரிந்துகொண்டு செய்வார்கள் என்று காத்திருந்து மனம் புழுங்காதே. சோற்றைப் பிசைந்து கொடு, பாட்டில் மூடியைத் திறந்து வை, பாத்ரூம் வாசலில் நில் என்று வாய்விட்டுச் சொல். உனக்குச் செய்வதில் அவர்களுக்கும் ஒரு நிறைவு உண்டு. அதை ஏன் தடுக்கிறாய்?

7. பயிற்சியைச் சொன்ன வரிசையில் செய். முதலில் குனிந்து கையைப் பெண்டுலம்போல ஆடவிடுவது, பிறகு நல்ல கையால் தூக்கிவிடுவது, அப்புறம்தான் அந்தக் கை தானாக எழுவது. எடை தூக்குவதெல்லாம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு. சர்க்கரையோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். அடுத்த படுக்கைக்காரரின் கை உச்சிவரை போகிறது, உன்னுடையது நெஞ்சளவில் நிற்கிறது என்றால் உன் முயற்சியைக் குறை சொல்லிக்கொள்ளாதே. பயிற்சிக்குப் பின் வரும் மந்தமான வலி சிறிது நேரத்தில் அடங்கிவிடும். சுரீரென்று குத்தினால் அங்கேயே நிறுத்திப் பிசியோவிடம் சொல். எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று அன்போடு வருபவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பு, தோளைக் கொடுக்காதே.

8. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ: காய்ச்சல், காயத்தில் சீழ், சுற்றிப் பரவும் சிவப்பு, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தி வேர்த்துக் கொட்டினாலோ, இடது கைக்கும் தாடைக்கும் வலி பரவினாலோ அது தோள் வலிதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. 108-ஐக் கூப்பிடு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும்.

9. கால்கள் சும்மாதான் இருக்கின்றன, டாக்டர் சம்மதித்ததும் நட. சர்க்கரைக்கும் மனசுக்கும் அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பிரஷர் பார்க்க, ரத்தம் எடுக்க, நல்ல கையை நீட்டு. ஆனால் அந்தக் கையும் உன் வயதுதான், இரண்டு கையின் வேலையை அதன் தலையில் கட்டாதே. முழுப் பலம் வர ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், அதற்குள் வீட்டை உனக்கேற்ப மாற்றிக்கொள். துணி காயப்போடும் கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டச் சொல். பரணிலிருக்கும் பாத்திரங்களில் தினமும் புழங்குவதைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவரச் சொல். கை சரியான பிறகும் அவை அங்கேயே இருக்கட்டும்.