நோயோடு போராடும் சகோதரிக்கு என்னென்ன உதவி கிடைக்கும்?



போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரு உறுப்பினருக்குத் தொடர்ந்து நாலு கூட்டம் அபராதம் எழுதியிருந்தது. "ஒரு நாள் நல்லா நடக்கிறா, மறுநாள் கால் வரலங்கிறா. எல்லாம் சாக்கு மேடம்" என்றார் ஊக்குநர்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வயசு முப்பத்திரண்டு. கண் மங்குகிறது, இடது கால் மரத்துப் போகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தாலிச் செயின் அடகுக்குப் போய்விட்டது. வட்டிக்கும் கடன் வாங்கியிருக்கிறார். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெட்டிக்குள்ளேயே இருந்தது! "அது ஆபரேஷனுக்கு மட்டும்னு நெனச்சேங்க" என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

இது என்ன நோய்?

நம் நரம்புகளைச் சுற்றி, மின்கம்பிக்கு மேல் உறை இருப்பது போல, ஒரு உறை இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக அந்த உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். தொற்று நோய் அல்ல, செய்வினையும் அல்ல. பலருக்கு விட்டு விட்டு வரும். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு நடிப்பு மாதிரி தெரிகிறது. முழுசாகக் குணமாகாது, ஆனால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். பணமில்லை என்று மருந்தை நிறுத்தினால் மறுபடி தாக்கும் ஆபத்து அதிகம்.

உதவி எங்கே கிடைக்கும்?

1. அரசு மருத்துவமனை: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்து, முதலில் அங்கே காட்டுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இரண்டிலும் இந்தப் பிரிவு உண்டு. பழைய ஸ்கேன், சீட்டு எதையும் விடாமல் கொண்டு போங்கள்.

2. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகவும். ஆபரேஷனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பட்டியலில் உள்ள மற்ற சிகிச்சைகளுக்கும் உண்டு. ஆனால் கையில் பணம் கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் கொடுத்துக் கேட்கும் திட்டம் இல்லை இது. அட்மிஷன் போடும்போதே அட்டையைக் காட்டி, "இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி வாங்கியாச்சா?" என்று கேளுங்கள். வெளியே கடையில் வாங்கும் மாதாந்திர மருந்துக்கு இதை நம்பியிருக்க முடியாது.

3. மாற்றுத்திறனாளி சான்று: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. அரசு விண்ணப்பங்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று இருக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். மருத்துவர்கள் பரிசோதித்து எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பரிசோதனை நாளில் உடம்பு கொஞ்சம் நன்றாக இருந்தாலும், முன்பு எத்தனை முறை எப்படித் தாக்கியது என்பதைச் சீட்டோடு சொல்லுங்கள்.

4. மாதப் பராமரிப்பு உதவித்தொகை: 2023 ஜனவரி முதல் இது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

5. சொந்தப் பாலிசி: வீட்டில் யாராவது எடுத்த பாலிசியில் 'தீவிர நோய்' பலன் இருக்கிறதா என்று பாருங்கள், பல பாலிசிகளில் இந்த நோயும் சேர்ந்திருக்கும். புதிதாக எடுப்பவர்கள் நோயை மறைக்கவே கூடாது. மறைத்தால் பணம் கேட்கும் நேரத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இந்த நோயை விலக்கிவிட்டும் பாலிசி தருவார்கள். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

6. சங்கம்: இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985-இல் தொடங்கியது. சென்னையிலும் கிளை உண்டு. வழிகாட்டுதல் கிடைக்கும்.

குழு என்ன செய்யலாம்?

கால் வராதவர் நாலு ஆபீஸ் ஏற முடியாது. ஒருவர் மனு எழுதலாம், ஒருவர் துணைக்குப் போகலாம். எல்லாச் சீட்டுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒரே பையில் வைக்கச் சொல்லுங்கள். கந்து வட்டிக்குப் போகும் முன் குழுவில் கடன் கேட்கட்டும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவுற்றோருக்கான நிதி இருந்தால் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

* நம் குழுவில் எத்தனை பேரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது? அது எங்கே இருக்கிறது?
* அடிக்கடி கூட்டத்துக்கு வராத சகோதரி யார்? அவர் வீட்டுக்கு நாம் போனோமா?

அந்தக் குழுவில் இப்போது அபராதத்தை ரத்து செய்து தீர்மானம் எழுதிவிட்டார்கள். சான்றுக்கு விண்ணப்பிக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனது அதே ஊக்குநர்தான்.