பாடம் 9: டிரெய்லருக்கும் ஒரு பிரேக்

அமெரிக்க நாட்டில் குதிரை வளர்ப்போர், பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லர் ஒன்றைப் பூட்டி அதில் குதிரைகளை ஏற்றிச் செல்வர். வளர்ந்த குதிரை ஏறத்தாழ 500 கிலோ எடையுடையது. இரு குதிரைகளும் டிரெய்லரும் சேர்ந்தால் 2000 கிலோவைக் கடந்துவிடும். மலைப்பாதையின் ஏற்றத்தில் இப்பாரம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். இறக்கத்திலோ, அதே பாரம் வண்டியை முன்னே தள்ளும். அப்போது பிக்கப்பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே 3000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 1360 கிலோவுக்கு, மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று அங்குப் பல மாநிலங்கள் விதித்துள்ளன.

இந்த பிரேக் மின்சாரத்தால் இயங்குவது. டிரெய்லர்ச் சக்கரத்தினுள் ஒரு மின்காந்தம் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மைப் பற்றும். அந்த இழுப்பில் நெம்புகோல் நகர்ந்து, பிரேக் ஷூவை டிரம்மின்மீது அழுத்தும். எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதை ஓட்டுநரின் அருகே உள்ள கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்யும். வண்டி வேகம் குறைவதை உணர்ந்து, அதற்கேற்ப அது மின்சாரத்தைக் கூட்டும். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், கருவியில் உள்ள கைப்பிடியை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கலாம், ஆட்டம் அடங்கும்.

பழைய பிக்கப்புகள் பலவற்றில் நான்கு முனை இணைப்பே உண்டு. அது விளக்குகளுக்கு மட்டும் போதும். பிரேக்குக்கு ஏழு முனை இணைப்பு வேண்டும். அதில் நீலக் கம்பி பிரேக்குக்கு உரியது; கறுப்புக் கம்பி பேட்டரியிலிருந்து மின்சாரம் கொண்டுவருவது; வெள்ளைக் கம்பி மின்சாரம் திரும்பும் வழி.

கம்பியின் தடிமனில்தான் பலர் தவறுகின்றனர். நான்கு சக்கர மின்காந்தங்களுக்கும் ஏறத்தாழ 12 ஆம்பியர் தேவை. மெல்லிய 16 கேஜ் செம்புக் கம்பியில் 6 மீட்டர் கடப்பதற்குள் ஏறத்தாழ 1 வோல்ட் குறைந்துவிடும். தடித்த 10 கேஜ் கம்பியில் கால் வோல்ட்டே குறையும். (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், இது பலரையும் குழப்பும்.) வெள்ளைக் கம்பியோ பெரிதும் புறக்கணிக்கப்படுவது. விளக்கு மங்கினால் பல்பை மாற்றுவோர், துருப்பிடித்த அதன் முனையைப் பார்ப்பதில்லை.

பூட்டு கழன்று டிரெய்லர் தனியே ஓடினால்? அதற்கென டிரெய்லரில் சிறு பேட்டரியும், பிக்கப்புடன் பிணைத்த மெல்லிய கயிறும் உள்ளன. டிரெய்லர் விலகியதும் கயிறு ஓர் ஆணியைப் பிடுங்கும். உடனே அந்தப் பேட்டரியின் மின்சாரம் பாய்ந்து பிரேக் பற்றும். பயணத்திற்கு முன் ஆணியைக் கையால் இழுத்து இதைச் சோதிப்பர். குதிரைகளை ஏற்றுவது அதன் பின்னரே.

சொற்பொருள்: பூட்டி – இணைத்து, பாரம் – சுமை, பிணைத்த – கட்டிய.

வினாக்கள்
1. இறக்கத்தில் டிரெய்லரின் பாரம் என்ன செய்யும்?
2. 10 கேஜ், 16 கேஜ் – இவற்றுள் எது தடித்த கம்பி?
3. சிறு பேட்டரி டிரெய்லரிலேயே இருப்பது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.