தங்க வேட்டையின் நினைவுக்கற்கள் கற்பிக்கும் பாடம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கொலோமா என்னும் சிற்றூரில், 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் ஆற்றுநீரில் தங்கத் துணுக்குகளைக் கண்டார். செய்தி பரவியதும் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் அங்குக் குவிந்தனர். அன்று தோன்றி மறைந்த சுரங்க ஊர்கள் பலவற்றில் இன்று வெண்கலப் பட்டயம் பதித்த நினைவுக்கற்கள் நிற்கின்றன. மார்ஷலுக்கும் 1890இல் சிலை எழுப்பப்பட்டது. ஆனால் அவரோ 1885இல் வறுமையில் மறைந்தவர்.

நம் மரபில் நடுகல் என்பது வீழ்ந்தவருக்காக நடப்படுவது. தங்க வேட்டையின் நினைவுக்கற்கள் பெரும்பாலும் கண்டெடுத்தவரையே போற்றுகின்றன. பொருளை இழந்தவரைப் பற்றி அவை பேசுவதில்லை. முதலீடு செய்வோர் அறிய வேண்டியது இழந்தவரின் வரலாற்றையே. அதற்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

பந்தலூரின் கதை

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலாப் பகுதிகளில் மண்ணை அரித்துத் தங்கம் எடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், 1875இல் இப்பகுதியைப் பற்றி எழுதினார். 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வல்லுநர் ராபர்ட் பிரஃப் ஸ்மித்தின் அறிக்கை பெரும் நம்பிக்கையை ஊட்டியது. உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் அறிவிக்கப்பட்ட மூலதனம் 40 லட்சம் பவுனுக்கும் மேல்.

அந்தப் பணத்தில் கணிசமான பங்கு, நலிந்திருந்த காப்பித் தோட்டங்களை மிகுந்த விலைக்கு வாங்குவதில் கரைந்தது. கனரக இயந்திரங்கள் மலையேறின. ஆயினும் பாறையை டன் கணக்கில் அரைத்துப் பார்த்தபோது, கிடைத்த தங்கம் செலவுக்கே ஈடாகவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஆரவாரம் அடங்கியது. பங்குகள் வெற்றுக் காகிதங்களாயின.

கோலாரின் கதை

அதே காலத்தில் கோலாரிலும் லண்டன் மூலதனம் இறங்கியது. அங்கும் தொடக்கத்தில் ஏமாற்றமே. மைசூர் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்ட நிலையில், 1880களின் நடுப்பகுதியில் சாம்பியன் எனப்படும் தங்கம் செறிந்த பாறைப்படலம் அகப்பட்டது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பல்லாயிரவர் உழைப்பில் அச்சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டன. 2001இல் மூடப்படும் வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் ஈந்தன.

இரண்டிடத்திலும் பங்குதாரர்களிடம் பொறுமை கோரப்பட்டது. எனவே பொறுமை மட்டுமே வெற்றி தரும் என்று கொள்வது பிழை. கோலாரில் முன்னோர் ஆழமாகத் தோண்டிய பழங்குழிகள் சான்றாக இருந்தன. பணம் அவற்றைத் தொடர்ந்து தோண்டவே செலவாயிற்று. பந்தலூரிலோ, தங்கத்தின் அளவு உறுதியாகுமுன்பே நிலமும் இயந்திரமும் வாங்கப்பட்டன. அவ்வளவு இருந்தும் கோலார் நூலிழையில்தான் தப்பியது என்பதையும் மறக்கலாகாது.

நாம் கேட்க வேண்டியவை

எங்கள் கரியாஹாட் கிளைக்கு வருவோர் சிலர், "குறுகிய காலத்தில் இரட்டிப்பாகுமாமே?" என்று ஏதேனும் ஒரு திட்டத்தைப் பற்றி வினவுவதுண்டு. 2013இல் சாரதா குழுமம் சரிந்தபோது மேற்கு வங்கத்துச் சிறுசேமிப்பாளர்கள் பட்ட துன்பம் இங்கு எவருக்கும் புதிதன்று. அத்தகைய திட்டம் எதுவாயினும், கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. என் பணம் எதற்குச் செலவாகிறது? தொழிலுக்கா, அதைத் தொடங்குவோரின் ஆதாயத்துக்கா?

2. காட்டப்படும் இலாபம் முழுக் கணக்கா, பொறுக்கி எடுத்த மாதிரியா?

3. இத்தொகை முழுவதும் போனாலும் என் குடும்பம் நிலைகுலையாமல் இருக்குமா?

பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் நிறுவனம் அதற்கான அனுமதி பெற்றதா என்பதை இந்திய ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் சரிபார்க்கலாம், புகாரும் பதியலாம். ஐயம் எழுந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கிளை அலுவலரை அணுகுங்கள். கொடுத்த பின் மீட்பதினும் கொடுக்குமுன் கேட்பது எளிது.