ஆற்றுப் புல்லும் அமெரிக்கத் தீயும்

எட்டாம் வகுப்பில் எரிதல் பாடத்தைப் பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். கரும்பலகையில் ஒரு முக்கோணம். அதன் மூன்று பக்கங்களில் எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். எரியும் மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பேன், சுடர் அணையும். மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள், தேர்விலும் சரியாக எழுதுவார்கள். 2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, கடைசி வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்துலதானே இருக்கு? அவ்வளவு பணக்கார ஊரு. ஏன் சார் அணைக்க முடியல?"

"காற்று அதிகம்ப்பா" என்று சொல்லி மணி அடிக்கும்வரை சமாளித்தேன். அது பதிலே அல்ல என்பது எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. விடுமுறையில் உட்கார்ந்து தேடிப் படித்ததைத்தான் முதலில் பகிர்ந்துகொள்கிறேன்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்று பெயரிடப்பட்ட இரண்டு பெருந்தீக்கள் மூண்டன. 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சுமார் 30 பேர் இறந்தனர். இதன் வேர் வறட்சியில் இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களில் அங்கே நல்ல மழை! அந்த மழையில் மலைச்சரிவெங்கும் புல்லும் புதரும் மண்டி வளர்ந்தன. பிறகு 2024 மே தொடங்கி ஜனவரி வரை நகர மையத்தில் பெய்த மொத்த மழை 4 மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊரில் ஒரு மாலைத் தூறலுக்கே அவ்வளவு வந்துவிடும். வளர்ந்ததெல்லாம் காய்ந்து சருகாக நின்றது. "மழை பெய்தால் தீ வராது" என்பது மாணவர்களிடம் மட்டுமல்ல, என்னிடமும் இருந்த தவறான கருத்து. மழை எரிபொருளை வளர்க்கிறது, வறட்சி அதைப் பக்குவப்படுத்துகிறது.

அடுத்தது காற்று. சாண்டா அனா எனப்படும் அந்தக் காற்று உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து மலையைத் தாண்டிக் கடலை நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, அதன் ஒப்பு ஈரப்பதம் குறைகிறது. கத்தரி வெயிலில் கடற்காற்று உள்ளே வராமல் மேல்காற்று தடுத்து நிற்கும் நாட்களில் காஞ்சிபுரம் பக்கம் எப்படிக் கொதிக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதை நினைவூட்டினால் பாதிப் பாடம் முடிந்தது.

"ஏன் அணைக்க முடியல?" என்ற கேள்விக்கான பதில் எனக்கே புதிது. நகரத்தின் குடிநீர்க் குழாய்கள் வீட்டுத் தேவைக்கும், ஓரிரு கட்டடங்களில் தீப்பிடித்தால் அணைப்பதற்கும் ஏற்ற அளவில் அமைக்கப்பட்டவை. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே இரவில் எரிந்தால் எல்லா முனைகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இழுக்கப்படுகிறது. எரிந்து விழுந்த வீடுகளின் உடைந்த குழாய்கள் வழியாகவும் தண்ணீர் வீணாக ஓடுகிறது. மேட்டுப் பகுதியில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அன்றிரவு காற்றின் வேகத்தில் நீர் தெளிக்கும் விமானங்களும் பறக்க முடியவில்லை. கடல் பக்கத்தில் இருந்தது உண்மைதான். அது எரிகிற தெருவுக்கு வந்து சேர வழி இல்லை.

இன்னொன்றும் உண்டு. காட்டிலிருந்து தீ நெருப்புச் சுவராக நடந்து வந்து வீட்டைத் தொடுகிறது என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் முதலில் வருவது தீப்பொறிதான். காற்றில் பறக்கும் கங்குகள் தீக்கு வெகுதூரம் முன்னால் போய், கூரை மேல் சேர்ந்த சருகிலும், சுவரோரக் குப்பையிலும் விழுகின்றன. ஒரு வீடு பற்றியபின் அந்த வீடே அடுத்த வீட்டுக்கு எரிபொருள். அதன்பின் அது காட்டுத்தீ அல்ல, ஊர்த்தீ.

ஹவாய்த் தீவுகளில் மாவி என்ற தீவில் உள்ள லஹைனா நகரத்தின் கதை நம் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2023 ஆகஸ்ட் 8 அன்று அந்தச் சிறு நகரம் எரிந்து 102 பேர் இறந்தனர். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த சர்க்கரை ஆலை 1999-இல் மூடப்பட்டது. பாசனம் நின்ற நிலத்தில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட புல்வகைகள் பரவின. அவற்றில் ஒன்று நம் மாடு வளர்ப்போர் தீவனமாகப் போடும் கினியா புல்! அறுத்து மாட்டுக்குப் போட்டால் தீவனம், கேட்பாரற்று நின்றால் தீக்கு இரை. வறண்ட நாளில் பலத்த காற்று மின்கம்பிகளை வீழ்த்த, புல் பற்றியது. அந்த ஊரின் நடுவில் 1873-இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் நட்ட ஓர் ஆலமரம் உண்டு. அதுவும் கருகியது. அடுத்த மாதமே அதில் துளிர் வந்தது என்று சொன்னபோது வகுப்பில் கைதட்டினார்கள்.

நம் மாநிலத்தில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் சிக்கிய தீயை மூத்த மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த உயரப் புல், சரிவு, காற்று மூன்றும் அங்கே சேர்ந்தன. மனிதரைவிடத் தீ மேட்டில் வேகமாக ஏறும். 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து, சுற்றுப்புறத்தைப் பல நாள் புகையில் மூழ்கடித்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீயும் கீற்றுக் கூரையில் பற்றியதுதான். ஆசிரியர்களான நமக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். வாலாஜாபாத் பாலாற்றின் கரையில் இருக்கிறது. 2021 நவம்பரில் அவளூர் செல்லும் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியதை இதே மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த படுகையில் நாணலும் சீமைக் கருவேலமும் முளைத்தன. கோடையில் அவை காய்ந்து நிற்கும். யாரோ பீடித் துண்டு போடுவார், யாரோ குப்பைக்கு நெருப்பு வைப்பார். மாலையில் புகை எழும். "யாரோ ஆத்துல கொளுத்துறாங்க" என்று சொல்லிவிட்டு நாமும் வேலையைப் பார்ப்போம்.

2025 மே மாதம் அப்படிப்பட்ட ஒரு மாலையில், காலிமனையில் வைத்த குப்பைத் தீ பக்கத்துப் புல்லைப் பிடித்து, ஒரு கூரை வீட்டின் மேல் பொறியைத் தூக்கிப் போட்டது. அது என் வகுப்பு மாணவன் ஒருவனின் வீடு. உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டில் தறி இருந்தது. தறியில் மூன்று சேலைக்கான பட்டுப் பாவு. முதல் சேலை பாதி நெய்திருந்தார் அவன் அப்பா. பாவு அவருடையது அல்ல, நெய்து தருவதற்கு வாங்கி வந்தது. ஆகவே எரிந்தது பட்டு மட்டுமல்ல, கடனும் சேர்ந்து நின்றது. குடும்ப அட்டை, ஆதார், அக்காவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் போயின. ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் சீருடை இல்லாமல் வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே வந்து, "ஜரிகை மட்டும் கருத்துப்போய்ச் சாம்பல்ல கெடந்துச்சு சார்" என்றான்.

அந்த ஆண்டு எரிதல் பாடத்தை எப்படி எடுப்பது என்று தயங்கினேன். அவன் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தீக்குச்சி உரசலாமா? அவனிடமே தனியாகக் கேட்டேன். "நடத்துங்க சார், நான் பட்டு நூல் கொண்டு வர்றேன்" என்றான்.

பாடம் பட்டில்தான் தொடங்கியது. பட்டு நூலையும் பருத்தி நூலையும் இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினேன். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு ஓடியது. பட்டு சுருண்டு, மெதுவாகக் கருகி, சுடரை எடுத்ததும் அணைந்தது. முடி கருகும் வாசனை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இதை உண்மைப் பட்டைக் கண்டறியும் சோதனையாக முன்பே அறிவார்கள். எரிவெப்பநிலை என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எளிதில் பற்றாத பட்டும் ஏன் எரிந்தது என்று கேட்டேன். "மேல கீத்து எரிஞ்சு சூடு விடாம வந்துச்சு சார்" என்று பதில் சொன்னவன் அவன்தான்.

அடுத்து ஈரப்பதம். 100 கிராம் பச்சை வேப்பிலையை எடைபோட்டு வெயிலில் காயவைத்து, நாள்தோறும் மீண்டும் எடைபோட்டோம். மூன்றாம் நாள் 42 கிராம். குறைந்த 58 கிராமும் நீர். பச்சை இலையைக் கொளுத்தினால் வெப்பம் முதலில் இந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. சருகில் அந்தச் செலவு இல்லை. காட்டுத்தீ ஆய்வாளர்கள் எரிபொருளைத் தடிமனை வைத்து வகைப்படுத்துகிறார்கள். புல்லும் சருகும் காற்றின் வறட்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஈடுகொடுத்து உலர்பவை, பருத்த மரங்கள் 1000 மணி நேர வகை. நேற்று மழை பெய்தது என்ற நிம்மதி புல்வெளிக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது செயல்பாட்டை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். திறந்த வெளியில், மணல் வாளியும் தண்ணீர் வாளியும் அருகில் வைத்துக்கொண்டு, மாணவர்களைத் தள்ளி நிறுத்திச் செய்யுங்கள். களிமண் பலகையில் தீக்குச்சிகளை நெருக்கமாக நட்டு, பலகையைச் சாய்த்து, கீழ்வரிசையில் பற்றவைத்தால் தீ மேலே ஓடுவது தெரியும். குரங்கணியை அப்போது சொல்லலாம். இன்னொரு பலகையில் நடுவில் மூன்று வரிசைக் குச்சிகளை விட்டுவிடுங்கள். தீ அந்த இடைவெளியில் நின்றுவிடும். வனத்துறையினர் கோடைக்கு முன் வெட்டும் தீத்தடுப்புக் கோடு இதுதான்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக இது கடைப்பிடிக்கப்படுகிறது. கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் வருவதால் இந்தப் பாடத்தை மீள்பார்வை செய்ய ஏற்ற வாரம். 101 என்ற எண்ணைச் சொல்லவைத்ததோடு நிற்காமல், தெருப்பெயர், அடையாளம், வண்டி வரும் வழி ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் பயிற்சி கொடுத்தேன். பலருக்குத் தம் தெருவுக்கு வண்டி எந்தப் பக்கமாக வரும் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொருவரும் தம் தெருவின் படம் வரைந்து, கூரை வீடு, காய்ந்த புல், வைக்கோல் போர், தாழ்ந்த மின்கம்பி, குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றைச் சிவப்பில் குறித்து வரச் சொன்னேன். பள்ளியை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் ஒரு மாணவி கொண்டுவந்த படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எங்கள் பள்ளியின் பின்சுவரை ஒட்டி இருந்தது.

மறுக்க முடியவில்லை. பெருக்கிய சருகை மாலையில் அங்கேதான் எரிப்போம். எத்தனையோ நாள் நானே தீப்பெட்டி கொடுத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல், அதற்கடுத்து இரண்டு கூரை வீடுகள்.

தலைமையாசிரியரிடம் படத்தைக் காட்டினேன். அந்த வாரமே பின்பக்கம் ஆறடி நீளத்தில் குழி வெட்டினோம். இப்போது சருகு அதில் போகிறது, சாணக்கரைசல் ஊற்றுகிறோம். முதல் மாதத்தில் இரண்டு முறை அங்கிருந்து புகை வந்தது. விசாரித்தால், "பழக்கம் சார், மறந்துட்டேன்" என்றார் பெருக்கும் அம்மா.

படத்தில் இருக்கும் சிவப்புப் பொட்டை அழித்துவிடலாமா என்று அந்த மாணவி கேட்டாள். அடுத்த கோடை முடியட்டும் என்றேன்.