மேல்மாடியா, அடுக்குமாடியா, அக்கரையா?

"அண்ணே, பள்ளிவாசலுக்குப் பக்கத்துல மேல்மாடி ஒன்னு காலியா இருக்காம். அத எடுக்கவா, இல்ல மெக்காலம் பக்கம் ஃபிளாட்டு பாக்கவா? பட்டர்வொர்த்துல இன்னும் மலிவுன்னு சொல்றாங்க." பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணயம் மாற்றும் கடையொன்றில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன மாதம் கேட்ட கேள்வி இது. அப்போது நின்றவாக்கில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். அவரைப் போலவே வீடு தேடும் பலருக்கும் பயன்படட்டும் என்று முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தெருவின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய வீடுகள் எல்லாம் ஒருகாலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் இருந்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் அனேகமாக எல்லாமே அந்தக் கணக்கில் வந்தவைதான். கீழே தையல் கடை, மேலே நாலு குடும்பம் என்று ஒவ்வொரு வீடும் நிறைந்து வழிந்தது. வாடகை சொற்பம் என்பதால் உரிமையாளர்கள் ஓடு மாற்றக்கூட மனம் வைக்கவில்லை. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 டிசம்பர் 31உடன் பாதுகாப்பு முற்றாக நீங்கியது. வாடகை உயர்ந்ததும் எத்தனையோ குடும்பங்கள் ஆயர் ஈத்தாமுக்கும் ஜெலுத்தோங்குக்கும் பாயான் பாருவுக்கும் மூட்டை கட்டின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாகவும் காப்பிக்கடையாகவும் மாற்றினால்தான் லாபம் என்று ஆகிவிட்டது. ஆகவே இன்று பள்ளிவாசலைச் சுற்றிக் குடியிருக்க ஒரு மேல்மாடி கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் அவசரப்படவும் கூடாது, அலட்சியமாக விடவும் கூடாது.

மேல்மாடியிலிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் பார்க்க வேண்டியவை நிறைய.

கடைவீடு முகப்பில் குறுகியது, உள்ளே நீண்டது. கடைமுன் நடைபாதையான அஞ்சடியைத் தாண்டி நுழைந்தால் இருட்டு. நடுவே வானம் தெரியும் சிறு முற்றத்தில் மட்டும் வெளிச்சம். அந்த முற்றம்தான் வீட்டின் மூச்சு. யாராவது அதைத் தகரம் போட்டு மூடியிருந்தால் மேல்மாடியில் மதியம் உட்கார முடியாது. ஆகையால் முற்றம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது கூரை. வெயில் நாளில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். அது முடியாவிட்டால் உத்தரத்தைப் பாருங்கள். பழுப்பு வளையம் இருந்தால் அங்கே ஒழுகுகிறது, அல்லது முன்பு ஒழுகியது. பலகைத் தரையைக் குதிகாலால் தட்டிப் பாருங்கள். சத்தம் பொத்தென்று வந்தால் கறையான் அரித்திருக்கலாம்.

சுவரில் உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்து மிரள வேண்டாம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் பூசியது. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி, மேலும் வழுவழு பெயின்ட் அடித்த சுவர்தான் ஈரத்தைச் சிறை வைத்து அழுகும். பளபளப்பான சுவரைக் காட்டி அதிக வாடகை கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மின்கம்பியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே மீட்டரிலிருந்து மூன்று அறைக்கு இழுத்த பழைய கம்பி, பலகைத் தரை, ஒற்றை மரப்படி. இந்த மூன்றும் சேர்ந்தால் நெருப்புப் பிடித்தபின் இறங்க வழி இருக்காது. பின்பக்கம் இறங்க இன்னொரு படியோ, பக்கத்துக் கூரைக்குப் போகும் ஜன்னலோ இல்லையென்றால் அந்த மாடியை நான் எடுக்கமாட்டேன். வாடகை பாதியாகக் குறைந்தாலும்கூட.

ஓசையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். விடியலில் பாங்கொலி கேட்கும். குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயிலின் மணி கேட்கும். குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகை காற்று திரும்பும்போது மாடிவரை வரும். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருக் கோயில்வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படும்போது வண்டியை வெளியே எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்த இடமே கிடையாது. இதைச் சகிப்பவர்கள் இருக்கிறார்கள், இதற்காகவே வருபவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் யார் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீடு யாருடையது என்பதுதான் மேல்மாடிக்காரர் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி. பள்ளிவாசல் 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீனால் நிறுவப்பட்டது. நிலம் கிழக்கிந்தியக் கம்பெனி அளித்தது. அதைச் சுற்றியுள்ள வக்பு எனும் அறக்கொடை வீடுகள் இன்று பினாங்கு இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன. சில வீடுகள் இந்து அறப்பணி வாரியத்துக்கும், சில சீனக் குலச் சங்கங்களுக்கும் சொந்தம். மற்றவை தனியாருடையவை. வக்பு நிலம் விற்பனைக்கு வராது. ஆகவே புதிதாக வாங்கியவர் வந்து காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் அங்கே குறைவு. இது பெரிய ஆறுதல். ஆனால் வாடகை வாங்க வருபவர் உரிமையாளரா, தானே வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுபவரா என்று பாருங்கள். உள்வாடகைக்காரர் என்றால், அவருக்கு அப்படி விட அனுமதி உண்டு என்று எழுத்தில் காட்ட வேண்டும். தனியார் வீடானால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, கிராண்டு என்று நாம் சொல்லும் நிலப்பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடலாம்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். வாய்ப்பேச்சை நம்பி இரண்டு மாத முன்பணத்தைக் கையில் கொடுத்தேன். ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஏழாம் மாதம் உண்மையான உரிமையாளர் படியேறி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பணம் திரும்பவேயில்லை. இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி அது.

இனி அடுக்குமாடி. மெக்காலம் பக்கமோ, ஜெலுத்தோங்கோ, ஆயர் ஈத்தாமின் பாடாங் தெம்பாக்கோ எதுவானாலும் நன்மை ஒன்றுதான்: கட்டடம் உறுதி, குழாயில் நீர், வீட்டுக்குத் தனி மீட்டர். குறை மின்தூக்கி. இரண்டு மின்தூக்கியில் ஒன்று எத்தனை நாளாகக் கெட்டுக் கிடக்கிறது என்று அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது, உரிமையாளர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதும் முக்கியம். வெள்ளம் வரும் இடமா என்று கேட்க ஒரு எளிய வழி உண்டு: 2017 நவம்பர் 4, 5இல் பெய்த அந்தப் பேய்மழையில் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கீழ்த்தளத்துக்காரரிடம் கேளுங்கள். கையை வைத்துக் காட்டுவார். மாடியில் இருந்தாலும் மோட்டார் சைக்கிள் கீழேதானே நிற்கும்.

கெலுகோர் பக்கக் காண்டோமினியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீச்சல் குளத்துக்கும் காவலாளிக்கும் சேர்த்துத்தான் வாடகை. கார் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

அக்கரை வேறு கணக்கு. பட்டர்வொர்த்தில் அதே வாடகைக்கு அதிக இடம் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் ஏற்றிச் செல்கின்றன, கார் ஏறாது. வெல்டு கீ படகுத்துறையிலிருந்து பள்ளிவாசல் சாலைக்கு நடந்தே வந்துவிடலாம். பட்டர்வொர்த் ரயில் நிலையமும் படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. கோலாலம்பூரில் குடும்பம் உள்ளவருக்கு அதுவே போதும். கடை எத்தனை மணிக்கு மூடும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஒத்துப் பாருங்கள். இரவு பத்தரைக்குக் கல்லாக் கணக்கு முடிப்பவர் வாரத்தில் மூன்று நாள் படகைத் துரத்தி ஓட வேண்டியிருந்தால், மிச்சமான வாடகையால் பயனில்லை.

எங்கே எடுத்தாலும் பணக்கணக்கு ஒன்றுதான். வாடகை மாதம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாதப் பாதுகாப்பு முன்பணம் 2,000, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் 500, முதல் மாத வாடகை 1,000. ஆக, 3,500 வெள்ளி கையில் இல்லாமல் வீடு தேடப் போகாதீர்கள். ஒப்பந்தத்தைக் கையெழுத்தான 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் முத்திரையிட வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமென்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. மேலே சொன்ன வாடகைக்கு 48 வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025இல் நீங்கிவிட்டது. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. நான் இழந்த பணத்தை நினைத்தால் 48 வெள்ளி ஒன்றுமேயில்லை.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் உங்களுக்குக் காப்பு. ஒரு காப்பு மட்டும் சட்டத்திலேயே உண்டு. 1950ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் உரிமையாளர் உங்களை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதும் சாமானைத் தூக்கி அஞ்சடியில் வைப்பதும் சட்ட விரோதம்.

நெதர்லாந்தில் வாடகையை வேறு வழியில் கையாள்கிறார்கள். வீட்டுக்குப் புள்ளி போடுகிறார்கள்: எத்தனை சதுர மீட்டர், சமையலறை எப்படி, குளியலறை எப்படி, வெப்பத்தைத் தக்கவைக்கும் தரம் என்ன என்று எண்ணிக் கூட்டுவார்கள். 2024 ஜூலை முதல், புள்ளி 186ஐத் தாண்டாத வீட்டுக்குச் சட்டம் வகுத்த உச்ச வாடகைதான். அதற்குமேல் கேட்டால் வாடகைக் குழுவிடம் முறையிடலாம். நம்முடைய பழைய சட்டம் கட்டிய ஆண்டை மட்டும் பார்த்தது. வீடு இடிந்தாலும் மின்னினாலும் ஒரே கட்டு. அதனால்தான் உரிமையாளர் கைகழுவினார், கூரை ஒழுகியது, கடைசியில் குடியிருந்தவரும் போனார். தரத்தோடு வாடகையைக் கட்டும் ஒரு சட்டம் இங்கே வந்தால் பள்ளிவாசல் சாலையின் மாடிகளில் மறுபடி குடும்பங்கள் வரும் என்று நான் மனதார நம்புகிறேன். அதுவரை நீங்களே புள்ளி போடுங்கள். கூரை, மின்கம்பி, இரண்டாம் வழி, முற்றம், உரிமைப் பத்திரம் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, மூன்று வீடுகளையும் அதே தாளில் ஒப்பிடுங்கள்.

தம்பிக்கு நான் சொல்ல விட்ட பதில் இது. தனியாள், வேலை இதே தெருவில், இரவு நேரங்கழித்து முடிகிறது என்றால், பின்வழியும் நல்ல மின்கம்பியும் உள்ள மேல்மாடியை எடுங்கள். பேருந்துக்கும் பெட்ரோலுக்கும் போகும் பணம் மிச்சம். ஒரு தெருவில் இரவில் விளக்கெரிய அங்கே யாராவது குடியிருக்க வேண்டும். சுற்றுலாப் பயணி அதைச் செய்யமாட்டார். குழந்தையும் வயதான அம்மாவும் உடன் வருகிறார்கள் என்றால் செங்குத்தான மரப்படி வேண்டாம், மெக்காலத்தில் தாழ்ந்த தளமாகப் பாருங்கள். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதானால் ஸ்காட்லண்டு சாலை ராமகிருஷ்ணா பள்ளிக்கு வண்டி வசதியை முதலில் விசாரியுங்கள். சேமிப்புதான் குறி, வேலையும் மாலையிலேயே முடிகிறது என்றால் அக்கரைக்குப் போங்கள்.

எதை எடுத்தாலும், சாவியை வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் விரிசலையும் மீட்டரையும் கைப்பேசியில் படமெடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.