ஐந்திணையில் எதை முதலில் படமெடுப்பது?

ஏதாவது ஒரு கருவை வைத்துப் படமெடுக்கலாம் என்று நாலு நண்பர்கள் கூடினால் முதலில் எழும் கேள்வி, "என்ன காஸ்ட்யூம்?" அடுத்து நகை, அதற்கடுத்து லொக்கேஷன். எத்தனை மணி வெயிலில் எடுக்கப்போகிறோம் என்பது கடைசியில் வரும். படத்தில் நிற்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. கல்யாண ஆல்பத்துக்கு இது போதலாம். கையையும் கண்ணையும் பழக்கிக்கொள்வதற்காக எடுக்கும் படத்துக்குப் போதாது.

தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு வகுத்த திட்டம் இதற்கு நேர்மாறானது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் மரம், பறவை, பூ, தொழில், தெய்வம் எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் மன உணர்வு உரிப்பொருள். பாட்டில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்கிறார் தொல்காப்பியர். இடம், வெளிச்சம், கையில் என்ன இருக்க வேண்டும், முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்ற நான்கையும் முடிவுசெய்து ஒவ்வொரு திணையும் கையில் தருகிறது. பயிற்சிக்காகப் படமெடுப்பவருக்கு இதைவிட நல்ல திட்டம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்தையும் ஒரேயடியாக எடுக்க முடியாது என்பதால், யார் எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு முன், பலரும் எடுத்துப்பார்க்கும் வேறு இரண்டு கருக்களையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ரவிவர்மா ஓவியங்களை மறுபடி உருவாக்குவது. ஜி. வெங்கட் ராம் 2020ஆம் ஆண்டு நாட்காட்டிக்காக நடிகைகளை வைத்து அப்படி எடுத்த படங்கள் பெரும் வரவேற்பு பெற்றன. ஆனால் அந்த வகைப் படத்துக்கு ஒப்பனை, உடை, நகை, அரங்கம் என்று ஒரு குழுவே உழைக்க வேண்டும். தனியாகப் பழகுபவர் நகையைத் தேடித் தேடிக் களைத்துப்போவார். ஓவியத்திலிருந்துதான் தொடங்குவேன் என்றால், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் ஹல்தன்கரின் விளக்கேந்திய பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அதை ரவிவர்மா வரைந்தது என்றே நினைத்திருக்கிறார்கள். ஒரு புடவை, ஒரு விளக்கு, ஓர் இருட்டறை போதும். சுடரைக் கை மறைக்கும்போது விரலிடுக்கில் கசியும் சிவப்பைப் பிடிப்பதற்குள் ஒற்றை விளக்கின் இயல்பு பிடிபட்டுவிடும். மற்றொன்று பழைய ஸ்டுடியோ பாணி. பின்னால் வரைந்த திரை, பக்கத்தில் ஸ்டூல், மேலே பூச்சாடி, கறுப்பு வெள்ளை. வெளியே அலைய முடியாதவர்களுக்கு இது நல்லது. தாத்தா பாட்டியை உட்காரவைத்து எடுக்க இதைவிடப் பொருத்தமான பாணி கிடையாது.

இனி திணைகளுக்கு வருவோம். புதிதாகப் பழகுபவருக்கு நான் முதலில் சொல்வது முல்லையை. பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். சிறுபொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல், போனவர் வருவார் என்று காத்திருப்பது. நடிக்கத் தெரியாத ஒருவரை வைத்துக்கூட இதை எடுத்துவிடலாம். காத்திருப்பவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாசற்படியில் உட்காரச் சொல்லுங்கள், தெருக்கோடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கேமராவைத் தூக்காமல் இருங்கள். பத்தாவது நிமிடத்தில் அவர் உடம்பு தானாகத் தளரும். அதற்குப் பிறகு எடுப்பதுதான் படம். நிலத்துக்கும் அலைய வேண்டாம். ஆடு மாடு திரும்பும் ஊர்ப்புறம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மொட்டை மாடியும் முல்லைதான். முல்லை மொட்டு மாலையில்தான் மலரும் என்பதால் தலையில் வைத்த சரமே பொழுதைச் சொல்லிவிடும்.

முல்லையில் கற்க வேண்டிய நுட்பம், விளக்கொளியையும் வானொளியையும் சமன்செய்வது. சூரியன் மறைந்த பின் வானம் நீலமாகி, வீட்டுக்குள் எரியும் விளக்கின் அளவுக்கு இறங்கிவரும் கணம் ஒன்று உண்டு. ஐரோப்பியர்களின் காணொளிகளில் இந்த அந்தி நீண்டுகொண்டே போகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த இருபது சொச்சம் நிமிடங்களில் வெளிச்சம் ஏறக்குறைய முடிந்துபோகும். ஆகவே சட்டகம், இடம், உட்காரும் நிலை எல்லாவற்றையும் சூரியன் இருக்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் பூட்டிவையுங்கள். விளக்கு மஞ்சளாகவும் வானம் நீலமாகவும் தானாகப் பிரிந்து நிற்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா இரண்டையும் கலந்து சாம்பலாக்கிவிடும்.

செல்போன் மட்டுமே கையில் இருப்பவருக்கு முதல் தேர்வு பாலை. உச்சிவெயிலில் படமெடுக்காதே என்று எல்லாப் பாடங்களும் சொல்லும். பாலை அந்த வெயிலையே கேட்கிறது. நண்பகல்தான் அதன் பொழுது, வேனில்தான் அதன் பருவம், பிரிதல்தான் அதன் உரி. வெளிச்சம் தாராளமாக இருப்பதால் சின்ன சென்சாரும் திணறாது. கேமரா உள்ளவர்கள் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, நொடியில் 1/400 என்று வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எண்களை மறந்துவிடலாம்.

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாட்கள் ஆண்டில் இரண்டு. தென்மாவட்டங்களில் முதலாவது சித்திரைப் பிறப்பை ஒட்டியும், சென்னையில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தும் வரும். அந்த நண்பகலில் நிற்பவரின் நிழல் அவர் காலடிக்குள் சுருங்கிவிடும். கண்குழி கறுக்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். அழகுப் படத்துக்கு இதெல்லாம் கேடு. பிரிவைச் சொல்லும் படத்துக்கு வரம். முகம் தெரிய வேண்டுமென்றால் முந்தானையையோ துண்டையோ தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த நிழலுக்குள் முகம் மென்மையாகி, சுற்றிலும் வெயில் கொதிக்கும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மணலே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியில் ஒரு செம்மை ஏறும். தெர்மாகோல் அட்டை தூக்கிப்போக வேண்டிய வேலை மிச்சம். தேரியில் காப்புக்காடான பகுதிகள் உண்டு என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தேரிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். வைகாசியில் வெடித்துக்கிடக்கும் உங்கள் ஊர் ஏரி போதும். அதைவிட எனக்குப் பிடித்தது வீட்டுக்குள் எடுக்கும் பாலை. பொருள்வயிற் பிரிவு என்று அன்று பாடியதை இன்று துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களின் வீடுகளில் பார்க்கலாம். பெட்டி கட்டும் அறை, நண்பகல் ஜன்னல் வெயில், எடை பார்க்கும் தராசு, ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றும் ஒரு கை. இந்தப் படத்தை எடுக்கிற இளைஞர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை.

வெளியே எடுத்தால் ஒரு விஷயம் கண்டிப்பு. நிற்பவரைத் தொடர்ந்து வெயிலில் வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் எடுத்ததும் குடைக்குக் கீழே அழைத்துவந்து தண்ணீர் கொடுங்கள். குழந்தைகளை இதற்குக் கூட்டிப்போகவே வேண்டாம்.

நெய்தலைப் பலரும் எளிது என்று நினைத்துக் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். பொழுது எற்பாடு, வெயில் சாயும் நேரம். உரி இரங்கல். இங்கேதான் திசை தகராறு செய்யும். சென்னையிலும் தரங்கம்பாடியிலும் சூரியன் கடலிலிருந்து எழும், சாய்வது ஊர்ப்பக்கம். மாலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் முகத்தில் நேர்வெளிச்சம் விழும், படம் தட்டையாகும். கடலுக்குள் சூரியன் இறங்க, அதன் முன்னால் ஒருத்தி நிழலுருவாக நிற்க வேண்டும் என்றால் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் போன்ற மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். கிழக்குக் கரைக்காரர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஆளைப் பக்கவாட்டில் நிறுத்தி, கரையின் போக்கிலேயே பாருங்கள். சாய்வெயில் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும். மறுபக்கம் கடலின் நீலம் நிரப்பும். என் கண்ணுக்கு இரங்கலைக் காட்ட நிழலுருவைவிட இதுவே தகும். நிழலுருவில் முகம் இல்லை, முகம் இல்லாமல் இரங்கல் ஏது?

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரிசையாக நிற்கும் படகுகள் அற்புதமான பின்னணி. ஆனால் அது அந்த மக்களின் வருமானம் நின்றுபோன காலமும்கூட. கேட்டு, பேசி, எடுத்த படத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களும் நெய்தலே. வெண்ணிற உப்பு கேமராவின் ஒளிமானியை ஏமாற்றும். படம் மங்கி வரும். வெளிச்ச ஈட்டில் ஒரு படி கூட்டிவையுங்கள்.

மருதம் நடிப்புப் பயிற்சி. ஊடல் இரண்டு பேர் இல்லாமல் நடக்காது. வைகறையில் எடுக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பும் சோம்பலற்ற இருவர் வேண்டும். மார்கழியில் தஞ்சைப் பக்கம் சம்பா வயலின் மேல் பனி படியும்போது பின்னணி தானாகக் கரைந்துவிடும். நடவுப் பயிரை மிதிக்காமல் வரப்போடு நின்றுகொண்டு, வயல்காரரிடம் முன்தினமே சொல்லிவைத்தால் போதும். கடினமான பகுதி முகம். "கோபமாகப் பார்" என்றால் யாரும் நாடகக்காரர் ஆகிவிடுவார். அதற்குப் பதில் வேலை கொடுங்கள். ஒருவர் காபி டம்ளரை நீட்டட்டும், மற்றவர் வாங்காமல் கூந்தலை முடியட்டும். அந்த நீட்டிய கைக்கும் திரும்பாத முதுகுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தைப் படமெடுங்கள். வயல் இல்லாவிட்டாலும் அடுக்களை ஜன்னலில் விடியும் வெளிச்சம் இதற்குப் போதும்.

குறிஞ்சியைக் கடைசிக்கு வையுங்கள். செலவும் அதிகம், சிரமமும் அதிகம். யாமம் அதன் பொழுது. கூதிரும் முன்பனியும் அதன் பருவம். புணர்தல் அதன் உரி. குளிர், இருட்டு, நெருக்கம் மூன்றையும் ஒன்றாகக் கையாள வேண்டும். குறிஞ்சி பூத்த மலைதான் வேண்டும் என்றால் 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல்தான் பூக்கும். யானையும் சிறுத்தையும் நடமாடும் மலைச்சரிவில் இரவில் திரிவது விவேகமும் இல்லை, சட்டத்துக்கும் ஒவ்வாது. தங்கும் வீட்டின் முற்றமோ மாடிப்படியோ போதும். ஒரு டார்ச், ஒரு முக்காலி, ஐஎஸ்ஓ 3200, எஃப்/1.8, நொடியில் 1/60. டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரில் அடித்துத் திரும்பும் வெளிச்சத்தில் எடுங்கள். நிற்கும் இருவரும் ஏற்கெனவே நெருக்கமானவர்களாக இருப்பது நல்லது. எவ்வளவு நெருக்கம், எந்தப் படம் வெளியே போகலாம் என்பதைக் கேமராவைத் திறக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். விரல் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திய படமே பெரும்பாலும் நிற்கிறது.

எந்தத் திணை என்றாலும் கருப்பொருள் ஒன்று போதும். யாழ், பறை, மயிலிறகு, தினைக்கதிர் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடுக்கினால் கடை ஜன்னல் மாதிரி ஆகிவிடும். "சங்க கால உடை" தேடி அலையவும் வேண்டாம். சினிமாவில் நாம் பார்த்தவை பெரும்பாலும் பிற்காலச் சிலைகளையும் கலைஞர்களின் கற்பனையையும் ஒட்டியவை. கரையில்லாத பருத்திப் புடவை எந்தக் காலத்துக்கும் ஒத்துப்போகும். செங்காந்தளை ஆசைப்பட்டுப் பறித்துவராதீர்கள். கிழங்கு முதல் பூ வரை நஞ்சு அது. வாயருகே கொண்டுபோகும் படம் வேண்டவே வேண்டாம்.

முடிவில் ஒவ்வொரு திணைக்கும் மூன்றே படங்களைத் தேர்ந்தெடுங்கள். நிலமும் பொழுதும் தெரியும் அகலப் படம் ஒன்று, கருப்பொருளின் அண்மைப் படம் ஒன்று, உரிக்காக முகமோ முதுகோ கையோ ஒன்று. மூன்றாவது படம் தேறவில்லை என்றால் முதல் இரண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் திணையை மறுபடி எடுக்க வேண்டும். திணை மயக்கத்துக்குத் தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. முல்லை மாலையில் இரங்கல் வந்து நின்றால் விரட்டாதீர்கள்.

ஓர் ஆண்டில் ஐந்தையும் முடிக்க நினைப்பவர் சித்திரையில் பாலையைத் தொடங்கலாம். ஆடிவாக்கில் நெய்தல், ஆவணி புரட்டாசியில் முல்லை, மார்கழியில் மருதம். தைக் குளிரில் குறிஞ்சி. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரைப் பக்கம் கேமராவோடு போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கடலும் காற்றும் நம் சொல் கேட்காது. அந்த இரண்டு மாதமும் அதுவரை எடுத்ததை உட்கார்ந்து பார்க்கவும், உங்களோடு நின்றவர்களுக்குப் படங்களை அனுப்பிவைக்கவும் ஆகும்.